எதிர்பார்த்த கல்லும் எதிர்பாராத கல்லும்

வானத்தை அண்ணாந்து நோக்குவோர் பல திறத்தினர். உழவர் மழை வேண்டி நோக்குவர். மீகாமர் திசை தெரிய நோக்குவர். குழந்தைகள் நிலவைக் காண நோக்குவர். இவர்களுள் எவரையும் சேராத சிலரும் உலகில் உண்டு. ஊர் உறங்கும் வேளையில் அவர்கள் விழித்திருந்து, வானில் யாதொரு புள்ளியேனும் தன் இடம்விட்டு அசைகின்றதா என்று பார்த்த வண்ணம் இருப்பர். விண்மீன்களின் அழகில் அவர்கள் மனம் செல்வதில்லை. அசைவு ஒன்றே அவர்களுக்கு வேண்டும்.

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியாகிய கிரனடாவில் லா சாக்ரா என்னும் மலை உள்ளது. அங்கே சில தொலைநோக்கிகள் நிறுவப்பட்டிருந்தன. கடலுக்கு அப்பால் மயோர்க்காத் தீவிலுள்ள வானாய்வு நிலையத்தார் அவற்றைத் தொலைவிலிருந்தே இயக்கி வந்தனர். அக்குழுவினர் அனைவரும் வானியலைத் தொழிலாகக் கொண்டவரல்லர்; அவருள் ஒருவர் பல் அறுவை மருத்துவர். பகலில் பிறர் வாயை ஆராய்ந்தவர், இரவில் வானத்தை ஆராய்ந்தார்.

அவர்கள் கையாண்ட முறை விளங்கிக்கொள்வதற்கு எளியது. வானின் ஒரே பகுதியைச் சிறிது நேரம் இடைவிட்டுப் பலமுறை படம் எடுப்பர். படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் விண்மீன்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கக் காணலாம். ஏதேனும் ஒரு புள்ளி மட்டும் படத்துக்குப் படம் நகர்ந்திருக்குமாயின், அது விண்மீன் அன்று. விண்மீன்களைக் காட்டிலும் மிக மிக அண்மையில் ஓடும் பொருள். 2012-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23-ஆம் நாள் அத்தகைய புள்ளியொன்று அவர்கள் படங்களில் தென்பட்டது. அது விரைவாகவும் நகர்ந்தது. அப்போது அப்பொருள் நிலவுலகிலிருந்து 43 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அது நிலவுலகை அணுகி வரவில்லை, அகன்று போய்க்கொண்டிருந்தது. ஒரு கிழமைக்கு முன்னரே அது இதனினும் அருகில் வந்து, எவர் கண்ணிலும் படாமல் கடந்து போயிருந்தது. விருந்தினர் வாயிற்படியைத் தாண்டிச் சென்ற பின்னரே வீட்டார் அவர் முதுகைக் கண்டனர் எனலாம்.

இவ்வாறு கண்டறியப்படும் பொருள்களைப் பற்றிய செய்தி யாவும் அமெரிக்க நாட்டில் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள சிறுகோள் மையத்துக்குச் செல்லும். அந்நிலையம் ஒவ்வொரு பொருளுக்கும் அடையாளக் குறி ஒன்றை அளிக்கும். இக்கல் பெற்ற குறி '2012 டிஏ14' என்பதாகும். இக்குறியைப் படிக்கும் முறை சுவையுடையது. ஆங்கில எழுத்து வரிசையில் ஏ என்பது சனவரியின் முற்பாதி. பி அதன் பிற்பாதி. சி பிப்ரவரியின் முற்பாதி. டி அதன் பிற்பாதி. எனவே 2012-ஆம் ஆண்டு பிப்ரவரியின் பிற்பாதியில் அறியப்பட்டது என்பது முதற்பகுதியாற் புலனாகும். அடுத்து வரும் எழுத்தும் எண்ணும் வரிசையைக் குறிப்பன. இருபத்தைந்து எழுத்துக்கள் கொண்ட சுற்று பதினான்கு முறை முடிந்து மீண்டும் முதல் எழுத்துக்கு வந்தது என்பது ஏ14 என்பதன் பொருள். அஃதாவது, அந்த அரைத் திங்களில் பதிவான 351-ஆம் பொருள் இது. வானில் அசையும் கற்கள் எத்துணை என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதிய சான்று.

இக்கற்களுக்குச் சிறுகோள் என்பது பெயர். கோள்கள் தோன்றிய காலத்தில் ஒன்றுகூடிக் கோளாகாமல் எஞ்சிய பொருள்கள் இவை. பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட வெளியில் ஞாயிற்றைச் சுற்றி வருகின்றன. சில மட்டும் அவ்விடம் விட்டு விலகி, நிலவுலகின் பாதைக்கு அருகே வருகின்றன. சில அப்பாதையைக் குறுக்கிட்டும் செல்கின்றன.

முதன்முதலாக அறியப்பட்ட சிறுகோளின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. 1801-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பியாசி என்னும் துறவி ஓர் அசையும் புள்ளியைக் கண்டார். அவர் அதனைச் சில கிழமைகளே பின்பற்ற முடிந்தது. பின்னர் அது ஞாயிற்றின் ஒளியில் மறைந்துவிட்டது. மீண்டும் எங்கே தோன்றும் என்று கூற எவராலும் இயலவில்லை. அப்போது இருபத்து நான்கு வயதே நிரம்பிய காஸ் என்னும் ஜெர்மானியக் கணித இளைஞர், பியாசி குறித்து வைத்த சில நிலைகளை மட்டும் கொண்டு அப்பொருளின் பாதை முழுவதையும் கணக்கிட்டார். அவ்வாண்டின் இறுதி நாளில், அவர் கணக்கிட்ட இடத்தின் அருகே அது மீண்டும் காணப்பட்டது. சீரிஸ் என்று பெயர் பெற்ற அப்பொருள் அன்று தப்பவில்லை. ஆயினும் ஞாயிற்றின் ஒளி ஒரு பொருளை முழுதும் மறைத்துவிடக் கூடும் என்பதை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்வது நன்று. பின்வரும் செய்திக்கு அது வேண்டும்.

காஸ் தொடங்கிய வழியில் வளர்ந்த கணிதமே 2012 டிஏ14-இன் பாதையையும் வகுத்தது. அக்கல் ஏறக்குறைய ஓராண்டில் ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவந்தது. ஆதலின் அடுத்த ஆண்டும் அதே பருவத்தில் நிலவுலகின் அருகே வரும் என்பது தெளிவாயிற்று. 2013-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் அது நிலவுலகின் மேற்பரப்பிலிருந்து 27,700 கிலோமீட்டர் உயரத்தில் கடக்கும் என்று அறிஞர் கூறினர். இத்தொலைவு மனிதர் நடைக்கு நெடுந்தொலைவே. வானத்தின் அளவில் நோக்கினால் அது திண்ணைக்கும் தெருவுக்கும் உள்ள தொலைவு. நிலவு 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. தொலைக்காட்சிக்கும் செய்தித் தொடர்புக்கும் பயன்படும் துணைக்கோள்கள் ஏறக்குறைய 35,800 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. இக்கல்லோ, அத்துணைக்கோள்களின் வளையத்துக்கும் உட்புறமாக வந்து செல்லும் என்றது கணக்கு.

கல்லின் குறுக்களவு ஏறக்குறைய 45 மீட்டர் இருக்கலாம் என்று அப்போது மதித்தனர். அத்தகைய கல் மோதினால் யாது நேரும் என்பதற்கு ஒரு முன்நிகழ்ச்சி உண்டு. 1908-ஆம் ஆண்டு சூன் 30-ஆம் நாள் சைபீரியாவில் துங்குஸ்கா ஆற்றின் பக்கம் வானில் ஒரு பொருள் வெடித்தது. 2,000 சதுரக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் காட்டு மரங்கள் சாய்ந்து கிடந்தன. மக்கள் அருகிய காடாக இருந்தமையால் உயிர்ச்சேதம் பெரிதாகவில்லை. ஒரு மாநகரின்மேல் அது வெடித்திருந்தால் என்ற எண்ணம் எவரையும் நடுங்கச் செய்யும். ஆயினும் 2012 டிஏ14 மோதாது என்பதில் கணக்கறிந்தோர்க்கு ஐயம் சிறிதும் இல்லை. கடக்கும் நாள் மட்டுமன்று, நாழிகையும் நிமிடமும் முன்கூட்டியே குறிக்கப்பட்டன. பல நாடுகளில் தொலைநோக்கிகள் ஆயத்தமாயின. உலகம் ஒரு கல்லை எதிர்நோக்கிக் காத்திருந்தது.

குறித்த நாளும் வந்தது. ருஷ்ய நாட்டில், யூரல் மலைத்தொடரின் கீழ்ப்பால், செல்யாபின்ஸ்க் என்னும் தொழில் நகரம் உள்ளது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் ஊர் அது. பனி உறைந்த குளிர்காலக் காலை. கதிரவன் அப்போதுதான் எழுந்திருந்தான். தொழிலாளர் ஆலைகளுக்குச் சென்றுவிட்டனர். பள்ளிகளில் பாடம் தொடங்கிவிட்டது. அவ்வூர்க் கணக்கின்படி மணி 9.20. திடீரென்று வானில் ஒரு தீக்கோடு தோன்றி நீண்டது. அதன் முனை பெருத்து, கதிரவனினும் மிக்க ஒளியுடன் சுடர்ந்தது. வீதியில் நின்ற கம்பங்களின் நிழல்கள் தரையில் சுழன்று ஓடின. சில நொடிகளில் ஒளி அடங்கியது. வானில் இரட்டை வடமாக வெண்புகை மட்டும் எஞ்சியது. எங்கும் அமைதி.

அந்த அமைதிதான் மக்களை ஏமாற்றியது. கல் வெடித்தது ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் உயரத்தில். அதுவும் நகருக்கு நேர் மேலே அன்று, தெற்கே சற்று விலகி. ஒளி கண்ணை உடனே எட்டிவிட்டது. காற்றில் எழுந்த அதிர்ச்சி அவ்வாறு எட்டாது. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று நொடி வேண்டும். மின்னலுக்குப் பின்னரே இடி கேட்பதை அறியாத சிறுவர் இலர். ஆயினும் அன்று காலை அது பெரியோர்க்கும் நினைவு வரவில்லை. இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஓசையே இல்லாதிருந்தமையால், முடிந்துவிட்டது என்றே பலர் எண்ணினர். வானில் கிடந்த புகைக்கோட்டைக் காணும் ஆவலால் சாளரங்களின் அருகே ஓடிவந்து, கண்ணாடியை ஒட்டி நின்றனர். அப்போதுதான் அதிர்ச்சி வந்து மோதியது. நகரெங்கும் கண்ணாடிகள் சில்லுகளாகச் சிதறின. துத்தநாக ஆலையொன்றின் சுவரும் கூரையும் இடிந்தன. ஏறக்குறைய 1,500 பேர் மருத்துவம் நாடினர். பெரும்பாலோர்க்குக் கண்ணாடியால் நேர்ந்த காயம். எவரும் உயிரிழக்கவில்லை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் சேதமுற்றன. கடுங்குளிரில் சாளரமற்ற வீடுகளில் இரவைக் கழிக்க வேண்டிய துன்பமும் சேர்ந்தது.

அந்நகரப் பள்ளியொன்றில் நான்காம் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அறையில் 44 குழந்தைகள் இருந்தனர். பேரொளி சாளரத்தில் பாய்ந்தபோது, ஆசிரியைக்கு அஃது என்னவென்று தெரியாது. எரிகல் என்றோ, வெடி என்றோ அவரால் துணிய முடியவில்லை. தெரியவில்லையே என்று அவர் வாளாவிருக்கவும் இல்லை. சாளரத்தை விட்டு விலகுங்கள், மேசைகளுக்கு அடியிற் பதுங்குங்கள் என்று குழந்தைகளுக்கு ஆணையிட்டார். வெளியே என்ன அழகு என்று காணத் துடிக்கும் வயது அது. எனினும் குழந்தைகள் கீழ்ப்படிந்தனர். அதிர்ச்சி வந்தபோது ஆசிரியை மட்டும் நின்றுகொண்டிருந்தார். பறந்துவந்த கண்ணாடி அவர் உடலைக் கிழித்தது. கையில் தசைநாண் ஒன்றும் அறுந்தது. குழந்தைகளுள் ஒருவர்க்கும் வெட்டுக்காயம் இல்லை.

ஓராண்டுக்கு முன்பே ஒரு கல்லின் வரவை நிமிடக் கணக்காகக் கூறிய வானியலார், இக்கல்லைப் பற்றி ஒரு சொல்லும் கூறாதது ஏன்? இவ்வினாவை அன்று உலகமே கேட்டது. விடை நேரானது; அவர்கள் அதனைக் காணவில்லை. ஏறக்குறைய 20 மீட்டர் குறுக்களவே உடைய அக்கல், ஞாயிறு இருந்த பக்கத்திலிருந்து வந்தது. தொலைநோக்கிகள் இரவில் நோக்குவன. ஞாயிற்றின் திசை பகல் வானத்தைச் சார்ந்தது. பியாசி கண்ட புள்ளியை மறைத்த அதே ஒளி, நொடிக்கு 19 கிலோமீட்டர் விரைவில் பாய்ந்துவந்த இக்கல்லையும் மறைத்துவிட்டது.

சிறிய கற்களை முன்னரே காண்பது இயலாததொன்றன்று. 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலிருந்து, நான்கு மீட்டர் அளவேயுள்ள கல்லொன்றைக் கண்டனர். அது மறுநாள் சூடான் நாட்டுப் பாலைவனத்தின் மேல் விழும் என்று கணக்கிட்டனர்; அவ்வாறே விழுந்தது. பின்னர்க் கார்ட்டூம் பல்கலைக்கழக மாணவர்கள் மணற்பரப்பில் வரிசையாக நடந்து தேடி, அதன் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தனர். அக்கல் இரவு வானத்தின் பக்கமாக வந்தது. அவ்வளவே வேறுபாடு.

செல்யாபின்ஸ்க் கல்லை முன்கூட்டிக் கண்டார் இலர். வந்த பின்னரோ அதன் வழியை ஆயிரம் கண்கள் காட்டின. ருஷ்ய நாட்டில் ஊர்திகளின் முகப்பில் சிறு படக்கருவிகளைப் பொருத்திக்கொள்ளும் வழக்கம் பரவியிருந்தது. விபத்து நேர்ந்தால் வழக்காடுதற்கு அவை சான்றாகும். வழக்குக்கென வைத்த கருவிகள் அன்று வானியலுக்கு உதவின. அப்படங்களில் சுழன்றோடிய கம்ப நிழல்களை அளந்து, ஒளி எத்திசையில் எவ்வுயரத்தில் சென்றது என்று கணித்தனர். அதனின்று, அக்கல் ஞாயிற்றைச் சுற்றி வந்த பாதையையும் பின்னோக்கி வரைந்தனர். அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டுபிடிக்க உலகெங்கும் அமைக்கப்பட்ட நிலையங்கள், மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியைப் பதிவு செய்வன. செல்யாபின்ஸ்கின் வெடி அவற்றுள் இருபது நிலையங்களிற் பதிவாயிற்று. தொலைதூரத்து அண்டார்க்டிகாவிலும் அது உணரப்பட்டது.

எதிர்பார்த்த கல்லின் துண்டொன்றே முன்னதாக வந்து விழுந்ததோ என்று பலர் ஐயுற்றனர். ஒரே நாளில் இரண்டு கற்கள் என்றால் யார்க்கும் அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆனால் கணக்கு அதனை மறுத்தது. 2012 டிஏ14 தெற்கிலிருந்து வடக்கு நோக்கி வந்துகொண்டிருந்தது. செல்யாபின்ஸ்க் கல்லின் வழி முற்றும் வேறு. இரண்டும் ஒரே நாளில் வந்தது தற்செயலன்றி வேறில்லை. இத்தகைய தற்செயலை ஒருவர் கதையில் எழுதினால், நம்பத்தக்கதன்று என்று படிப்போர் புறந்தள்ளுவர்.

செல்யாபின்ஸ்கில் மக்கள் கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டிக்கொண்டிருந்த அதே நாளில், பதினாறு மணி நேரம் கழித்து, எதிர்பார்த்த கல் வந்தது. இந்தியாவில் அப்போது நள்ளிரவு கடந்து 12 மணி 55 நிமிடம். நாட்காட்டி 16-ஆம் நாளுக்கு மாறிவிட்டது. சுமத்திரா தீவின் அருகே, இந்தியப் பெருங்கடலுக்கு மேலாக, குறித்த உயரத்தில், குறித்த நிமிடத்தில் அது கடந்தது. வெறுங்கண்ணுக்குத் தெரியவில்லை. இருகண் நோக்கி வைத்திருந்தோர், விண்மீன்களின் இடையே ஒரு மங்கிய புள்ளி ஊர்ந்து செல்வதைக் கண்டனர். ஓசை இல்லை, ஒளி வெள்ளம் இல்லை. அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோன் ஆய்வுநிலையம் ரேடார் அலைகளை அதன்மேல் செலுத்தி, திரும்பிய அலைகளால் அதன் உருவத்தை வரைந்தது. நீண்ட வடிவினதாக, ஏறக்குறைய 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உடையதாக அது காணப்பட்டது.

செல்யாபின்ஸ்க் கல்லின் பெரும்பகுதி காற்றிலேயே பொடியாகிவிட்டது. எஞ்சியவற்றுள் பெரிய துண்டு, நகருக்கு மேற்கேயுள்ள செபார்க்குல் ஏரியின் பனித்தளத்தைத் துளைத்து உள்ளே மூழ்கியது. பனியில் ஏழெட்டு மீட்டர் அகலமுள்ள வட்டத் துளை மட்டும் வெளியே தெரிந்தது. மூழ்கிகள் பல திங்கள் முயன்று, அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் நாள் அதனைக் கரையேற்றினர். நிறுத்துப் பார்க்க முற்பட்டபோது எடைக்கருவி 570 கிலோகிராம் காட்டிவிட்டு உடைந்தது, கல்லும் துண்டாயிற்று. இன்று அதனைச் செல்யாபின்ஸ்க் அருங்காட்சியகத்தில் காணலாம்.

அந்த ஒரு நாளின் நிகழ்ச்சிகள் அரசுகளையும் விழிப்புறச் செய்தன. சிறுகோள்களைப் பற்றிய எச்சரிக்கையை நாடுகள் தமக்குள் பகிர்ந்துகொள்ள ஓர் அமைப்பை ஐக்கிய நாடுகள் அவையின் வழியாக ஏற்படுத்தின. துங்குஸ்கா நிகழ்ச்சி நடந்த சூன் 30-ஆம் நாளை உலகச் சிறுகோள் நாளாக அவ்வவை 2016-ஆம் ஆண்டில் அறிவித்தது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் டார்ட் என்னும் விண்கலத்தை டிமார்ஃபஸ் என்ற சிறுகோளின் மேல் வேண்டுமென்றே மோதச் செய்து, அதன் பாதை சிறிது மாறுவதையும் கண்டனர். ஆனால் காணாத கல்லின் மேல் எந்தக் கலத்தையும் ஏவ முடியாது. அதனால் ஞாயிற்றின் திசைக்கு அருகிலும் நோக்கவல்ல நியோ சர்வேயர் என்னும் விண்தொலைநோக்கியை நாசா நிறுவனத்தார் திட்டமிட்டனர். நிலவுலகிலிருந்து ஞாயிற்றின் பக்கமாக 15 இலட்சம் கிலோமீட்டர் விலகி நின்று, கற்கள் வெளியிடும் வெப்பக் கதிர்களைக் கொண்டு அவற்றை அறிவது அதன் பணி.

எதிர்பார்த்த கல்லோ எவர்க்கும் தீங்கு செய்யாது சென்றது. ஆயினும் நிலவுலகின் ஈர்ப்பு அதனை வாளா விடவில்லை. அணுகி வந்த அச்சில மணி நேரத்தில் அதன் பாதை வளைந்தது. முன்பு ஞாயிற்றைச் சுற்றிவர ஓராண்டுக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்ட அக்கல், அதன்பின் 317 நாட்களிலேயே சுற்றி முடிக்கலாயிற்று. இலக்கமாக மட்டும் இருந்த அதற்குப் பின்னர்ப் பெயரும் சூட்டப்பட்டது. ஸ்பெயின் நாட்டுப் பாட்டிமார் கதைகளில் வீட்டு மூலைகளில் மறைந்து திரிந்து குறும்பு செய்யும் குட்டிப் பூதம் ஒன்று உண்டு. அதன் பெயராகிய டுவெண்டே என்பதே அக்கல்லின் பெயர்.